குடிக்காதவனுக்கும் ஈரல் கெடுமா?



சில வாரங்களுக்கு முன் நாம் பகாவ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தோம். குலை வெட்டும் வேலையில் இருக்கும் அண்ணன் ஒருவர், வயது ஐம்பதை நெருங்குகிறது, நம்மைத் தனியே அழைத்துக் கொண்டு போனார். லயத்துக்குப் பின்னால், வாழை மரத்தடியில் நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேசினார்.

"கிளினிக்ல ஸ்கேன் எடுத்தாங்க தம்பி. ஈரல்ல கொழுப்பு இருக்குன்னு சொல்லிட்டாங்க. கள்ளுக்கடைப் பக்கம் நான் தலைவச்சுப் படுத்ததில்ல. பீர் போத்தல் தொட்டதில்ல. ஆனா வீட்டுக்காரி நம்ப மாட்டேங்குறா. 'ஈரல் கெட்டா குடிதான காரணம்? யாருக்குத் தெரியாம குடிச்சீங்க'ன்னு கேக்குறா. பக்கத்து வீட்டுலயும் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அதோட நான் கிளினிக் போறதையே விட்டுட்டேன்."

இன்னொன்றும் சொன்னார். "பசிதான் தம்பி பெரிய தொல்லை. மத்தியானம் ஒரு தட்டு சோறு நெறைய சாப்பிடுறேன். மூணு மணிக்கெல்லாம் மறுபடி பசி. இனிப்பா ஒரு தேத்தண்ணி குடிச்சாத்தான் உயிர் வருது."

அவர் சொன்ன இரண்டு குறைகளுக்கும் இடையே உறவு உண்டு என்பதை அவரும் அறியவில்லை, அவருடைய மனைவியும் அறியவில்லை. அவர் மீது விழுந்த பழியைத் துடைக்கவும், அவரைப் போல் வெட்கப்பட்டுக் கிளினிக்கை விட்டு ஒதுங்கி நிற்கும் மற்றவர்களைத் திரும்ப அழைத்து வரவும் இந்த வாரம் ஈரலைப் பற்றியே எழுதுகிறோம்.

குடியால் மட்டும் வருவதில்லை

ஈரலைக் கெடுப்பதில் குடிக்குப் பெரும் பங்கு உண்டு. கள்ளும் சம்சுவும் நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களைக் குலைத்தன என்பது நமக்குத் தெரியாத கதையல்ல. அதனால்தான் ஈரல் என்றாலே குடி என்று நம்மவர் மனத்தில் பதிந்துவிட்டது.

ஆனால் 1980ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லுட்விக் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 20 நோயாளிகளின் ஈரல் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மிதமிஞ்சிக் குடிப்பவர்களின் ஈரலைப் போலவே கொழுப்பும் வீக்கமும் தழும்பும் தெரிந்தன. அந்த 20 பேரும் குடிகாரர்கள் அல்லர்! பெரும்பாலோர் உடல் பருத்தவர்கள். பலருக்கு இனிப்பு நீர் இருந்தது. குடியில்லாமலும் ஈரல் அப்படிக் கெடும் என்பதற்கு அன்றுதான் ஒரு தனிப்பெயர் கிடைத்தது. 2023ஆம் ஆண்டில் உலக மருத்துவர்கள் கூடி, அந்தப் பெயரிலிருந்து 'குடி' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். உடம்பு உணவைக் கையாளும் முறையில் ஏற்படும் கோளாறால் வரும் கொழுப்பு ஈரல் நோய் என்று இப்போது சொல்கிறார்கள். பழைய பெயர் நோயாளியின் தலையில் ஒரு பழியை ஏற்றி வைக்கிறது என்பதும் பெயரை மாற்றியதற்கு ஒரு காரணம். பகாவ் அண்ணன் இதை அறிந்தால் மகிழ்வார்.

ஈரல் என்னும் கிடங்கு

வலது பக்க விலா எலும்புக்குக் கீழே, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையில் இருப்பது கல்லீரல். தோட்டத்துக்கு ஸ்டோரும் ஆலையும் எப்படியோ அப்படித்தான் உடம்புக்கு ஈரல்.

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் குடலில் சர்க்கரையாக மாறி, இரத்தத்தோடு முதலில் போய்ச் சேரும் இடம் ஈரல்தான். தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையில் ஒரு பகுதியை அது மாவுப் பொருளாகக் கட்டி வைத்துக்கொள்ளும். ஆனால் அந்த இருப்பறை சிறியது. சுமார் 100 கிராம்தான் கொள்ளும். அதற்கு மேல் வருவதை என்ன செய்வது? கொழுப்பாக மாற்றிவிடுகிறது. மாற்றிய கொழுப்பை இரத்தத்தில் ஏற்றி உடம்பின் மற்ற பாகங்களுக்கு அனுப்புகிறது.

நாம் சாப்பிடாத நேரத்தில், உதாரணமாக இராத்தூக்கத்தில், இந்த வேலை தலைகீழாக நடக்கும். உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலுக்கு வரும். ஈரலின் உயிரணுக்களுக்குள் இருக்கும் மிகச் சிறிய அடுப்புகள் அந்தக் கொழுப்பை எரித்துச் சக்தியை எடுக்கும். மூளைக்கும் அதிலிருந்து தீனி செய்து அனுப்பும். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பெரட்டுக்குப் போய் நின்றாலும் நாம் மயங்கி விழாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

வரவும் செலவும் ஒத்திருக்கும் வரை தொல்லையில்லை. நல்ல ஈரலில் கொழுப்பு 100க்கு 5 பங்குக்கு மேல் இராது. வரவு மிஞ்சினால்? மழைக்குப் பின் பால் அதிகமாக வந்து, ஆலையில் அதை வாங்க ஆளும் தொட்டியும் போதாவிட்டால் என்ன ஆகும்? பால் வாளியிலேயே உறைந்து போகும் அல்லவா? அதே கதைதான். அனுப்ப முடியாத கொழுப்பு, துளித்துளியாக ஈரல் உயிரணுவுக்குள்ளேயே தேங்கிவிடுகிறது.

கொழுப்பு எங்கிருந்து வருகிறது?

எண்ணெய்ப் பலகாரம் தின்றால்தான் ஈரலில் கொழுப்பு ஏறும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், கொழுப்பு ஈரல் கொண்ட சிலருடைய ஈரல் கொழுப்பு எந்த வழியாக வந்தது என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். நூற்றில் 59 பங்கு உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பு கரைந்து வந்தது. 26 பங்கு, சர்க்கரை முதலியவற்றிலிருந்து ஈரல் தானே செய்து கொண்டது. நேராகச் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 பங்குதான்!

காரணம் என்ன? இன்சுலின் என்று ஒரு சுரப்பு நீர் உண்டு. சாப்பிட்டவுடன் அது உடம்புக் கொழுப்பைப் பார்த்து, "இப்போ கரைய வேணாம், சும்மா இரு" என்று உத்தரவு போடும். இடுப்பில் சதை பெருத்து, இன்சுலின் பேச்சு எடுபடாமல் போனால், கொழுப்பு ஓயாமல் கரைந்து ஈரலுக்கு வந்து கொண்டே இருக்கும். கணையமும் விடாமல் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும். அந்த மிகுதியான இன்சுலின் ஈரலிடம், "இன்னும் கொழுப்பு செய்" என்று சொல்லும். இரு பக்கமும் அடி!

வெள்ளைச் சீனியில் பாதி 'ஃபிரக்டோஸ்' என்னும் சர்க்கரை. ஒரேயடியாக நிறைய உள்ளே போனால் அதில் பெரும்பகுதி நேரே ஈரலின் தலையில்தான் விழும். அது கொழுப்பாக மாறுவதும் சுலபம். நாம் கோப்பியில் ஊற்றும் கெட்டிப்பால் டின்னில் பாதிக்கு மேல் இனிப்பு. ஒரு டின் கோலா பானத்தில் ஏறத்தாழ 35 கிராம் சீனி. அரசாங்கம் 2019 ஜூலையில் இத்தகைய பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது சும்மா அல்ல.

நாம் வெட்டும் குலையைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். சுவீடன் நாட்டு உப்சாலாவில் 2014இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஒல்லியான இளைஞர்கள் 39 பேருக்கு 7 வாரம், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாகக் கேக் கொடுத்தார்கள். ஒரு சாராருக்குச் செம்பனை எண்ணெயில் செய்தது; மற்றவர்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு சாராருக்கும் எடை ஒரே அளவுதான் ஏறிற்று. ஈரலில் ஏறிய கொழுப்போ செம்பனை எண்ணெய்க்காரர்களுக்கு அதிகமாக இருந்தது. இதைக் கொண்டு செம்பனை எண்ணெய் விஷம் என்று யாரும் கூவ வேண்டாம். தேவைக்கு மேல் தின்னும்போதுதான் அந்த வித்தியாசம் தெரிந்தது. பொரித்ததையே மூன்று வேளையும் தின்னாதீர்கள் என்பதுதான் நமக்குப் பாடம்.

உயிரணுவுக்கு என்ன நேர்கிறது?

கொழுப்புத் துளிகள் பெருகப் பெருக, உயிரணுவின் நடுவிலுள்ள கரு ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. உள்ளேயிருக்கும் சிறிய அடுப்புகள் மூச்சு முட்ட எரிக்க வேண்டியிருக்கிறது. அதிகமாக எரியும் அடுப்பில் புகையும் பொறியும் பறப்பது போல, அங்கேயும் நச்சுப் பொருள்கள் கிளம்பி உயிரணுவையே அரிக்கின்றன. உயிரணு பலூன் போல் ஊதி, பிறகு மடிகிறது. மடிந்ததை அப்புறப்படுத்த வெள்ளணுக்கள் கூடுகின்றன, வீக்கம் காண்கிறது. ஆறிய இடத்தில் தழும்பு விழுகிறது. கத்தி ஆழமாகப் பட்ட கித்தா மரத்தின் பட்டை முண்டும் முடிச்சுமாகப் போவதைப் பார்த்திருக்கிறோமே, அதுபோல. தழும்பு ஈரல் முழுதும் பரவினால் அது சுருங்கிக் கல்லாகிவிடும். சிலருக்குப் புற்றுநோயிலும் கொண்டு போய் விடும்.

கொடுமை என்னவென்றால், இவ்வளவும் நடக்கும் வரை பெரும்பாலும் வலியே இருக்காது! "எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்பவருக்கும் இருக்கலாம்.

பசி எங்கே பிறக்கிறது?

இனி, மூன்று மணிப் பசிக்கு வருவோம். பசி வயிற்றில் பிறக்கிறது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் வயிறு, குடல், கொழுப்புச் சதை, ஈரல் எல்லாம் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. கொழுப்புச் சதை அனுப்பும் 'லெப்டின்' என்ற சேதிப் பொருளை 1994இல் கண்டுபிடித்தார்கள். 'போதும்' என்று சொல்வது அதன் வேலை. சதை மிகப் பெருத்தவர்களிடம் லெப்டின் நிறைய இருந்தும் மூளை அதற்குச் செவி கொடுப்பதில்லை.

ஈரலின் சேதி என்ன? அமெரிக்காவில் மார்க் ஃபிரீட்மன் என்னும் அறிஞர் எலிகளுக்கு ஒரு சர்க்கரைப் போலியைக் கொடுத்துப் பார்த்தார். அது ஈரலில் சக்தி இருப்பைக் குறைத்துவிடும். இருப்பு குறைந்தவுடன் எலிகள் தின்னத் தொடங்கின. வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டால் அந்தத் தீனி வேகம் தணிந்தது. கொழுப்பை எரிக்கவிடாமல் தடுக்கும் மருந்து கொடுத்தபோதும் எலிகளுக்குப் பசி கூடிற்று. ஆகவே, ஈரலின் அடுப்பில் சக்தி குறைந்தால் 'சாப்பிடு' என்ற சேதி மூளைக்குப் போகிறது என்பது அவருடைய கருத்து. மனிதருக்கும் இது எவ்வளவு பொருந்தும் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் உண்டு. ஆனால் ஒன்று தெரிந்திருக்கிறது. 1999இல் கொழுப்பால் ஈரல் வீங்கியவர்களுக்கு ஃபிரக்டோஸை ஏற்றிப் பார்த்தபோது, குறைந்து போன சக்தி இருப்பு மீண்டும் நிரம்ப மற்றவர்களைவிட அதிக நேரம் பிடித்தது. கொழுப்பு நிறைந்த ஈரல் சக்திக்குத் தவிக்கிறது. கிடங்கு நிறைய நெல் இருந்தும் உலை வைக்க விறகில்லாத வீடு போல!

இதற்கு எதிர்ச் சேதியும் உண்டு. இனிப்பு மிகுந்தால் ஈரல் ஒரு சுரப்பை அனுப்பி, 'இனிப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்கிறது என்று 2016இல் எலிகளிடம் கண்டார்கள்.

ஆகவே, அடங்காத பசியை வெறும் 'வாய்க்கொழுப்பு' என்று ஏசிவிடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கை நடுங்கி, வியர்த்துப் பசித்தால் அது இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியதாலும் இருக்கலாம். உடனே ஏதாவது இனிப்பு எடுத்துக்கொண்டு, பிறகு டாக்டரிடம் சொல்லுங்கள். ஈரல் மிகவும் கெட்டுப் போன பிறகு கதை தலைகீழ். அப்போது பசியே எடுக்காது; உடம்பு இளைக்கும், வயிற்றில் நீர் கட்டும், கண் மஞ்சளாகும்.

நம் மாநிலம் உலகுக்குச் சொன்ன பாடம்

சாப்பாடு உயிரணுவையும் பசியையும் ஆட்டிவைக்கும் என்பதை உலகுக்கு விளக்கியதில் நம் நெகிரி செம்பிலானுக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நூறு ஆண்டுகளுக்கு முன் பெரிபெரி என்ற நோய் மலாயாவில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. இங்கே அரசாங்க டாக்டராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளையரிசி தின்ற சீனத் தொழிலாளர்களுக்கு நோய் வந்தது. புழுங்கலரிசி தின்ற நம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு வருவது அபூர்வமாக இருந்தது! 1907இல் அவர் அதைப் புத்தகமாக எழுதினார். அரிசியில் ஏதோ விஷம் என்று அவர் எண்ணியது தவறாகப் போயிற்று. பின்னர் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு டாக்டர்கள் ஜெலுபு பகுதியில், துரியான் திப்புஸ் என்ற இடத்தில் சாலை போட்டுக் கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களுக்கு இரு வகை அரிசியையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையரிசிக் கூட்டத்தில் நோய் கண்டது. புழுங்கலரிசிக் கூட்டத்தில் காணவில்லை. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நிலைமையும் மாறிற்று. தீட்டும்போது போய்விடும் தவிட்டுச் சத்துத்தான் காரணம் என்று பின்னால் தெளிவாயிற்று. அந்தச் சத்து இல்லாவிட்டால் உயிரணு சர்க்கரையைச் சரியாக எரிக்க முடியாது. அந்த நோயாளிக்கு முதலில் போவது பசிதான்.

நம் தாத்தாக்களை அவர்களுடைய புழுங்கலரிசி காத்தது. அவர்கள் பிள்ளைகளாகிய நாம் இன்று என்ன தின்கிறோம்? காலையில் இரண்டு ரொட்டி சானாய், கெட்டிப்பால் கோப்பி. பத்து மணிக்குப் பாக்கெட் கோப்பி. மத்தியானம் மலைபோல் வெள்ளைச் சோறு. சாயங்காலம் கலர்த் தண்ணீர். வயிறு நிறைகிறது, உயிரணு தவிக்கிறது.

ஒல்லியாக இருந்தாலும் தப்பில்லை

"நான் ஒல்லிதானே" என்று யாரும் நிம்மதி கொள்ள வேண்டாம். புனாவைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், 2004இல் தம்மையும் ஓர் ஆங்கிலேய டாக்டர் நண்பரையும் ஒப்பிட்டு ஒரு படம் வெளியிட்டார். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண்: 22.3. உடம்புக் கொழுப்பில் ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, நம் இந்திய டாக்டருக்கு 21.2 விழுக்காடு! கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளுவது நம் இனத்தாரிடம் சகஜம். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய ஆய்வில், வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. நாடு முழுமைக்கும் 18.3 விழுக்காடுதான். இனிப்பு நீரும் கொழுப்பு ஈரலும் பெரும்பாலும் கைகோத்தே வரும். பால்வெட்டும் குலைவெட்டும் விட்டுப் பட்டணத்துக்குப் போய்க் காவல் வேலையில் உட்கார்ந்துவிட்டவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உழைப்பு குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லையே!

என்ன செய்யலாம்?

முதலில் ஒரு நாடா எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. தாண்டியிருந்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் இரத்தத்தில் சர்க்கரையும் ஈரல் நிலையும் பார்க்கச் சொல்லுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே சீட்டுக் காசு 1 வெள்ளிதான். ஈரலில் தழும்பு இருக்குமா என்பதைச் சாதாரண இரத்தச் சோதனை எண்களையும் வயதையும் கொண்டே டாக்டர்கள் ஓரளவு கணிக்கிறார்கள். தேவையானால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். நம் நாட்டில் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் அந்தச் சோதனையையும் கேட்டுச் செய்து கொள்வது நல்லது.

அடுத்து, எடை. 70 கிலோ உள்ளவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பு இறங்கும். 5 முதல் 7 கிலோ வரை குறைத்தால் வீக்கமும் தணியும். பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைக்காதீர்கள். அது ஈரலுக்கே கேடு. கோப்பியில் கெட்டிப்பாலைப் பாதியாக்குங்கள், பிறகு நிறுத்துங்கள். வெறுங்கோப்பி ஈரலுக்கு நல்லது என்றே பல ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் கீரை, பருப்பு, மீன் இவற்றைக் கூட்டுங்கள். இவை பசியை நெடுநேரம் அடக்கும். மரவள்ளித் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் மோட்டார் சைக்கிளில் போகாமல் நடந்து போங்கள்.

மருந்துகளும் வரத் தொடங்கியுள்ளன. 2024 மார்ச்சில் அமெரிக்கா முதன்முதலாக இந்நோய்க்கென்றே ஒரு மாத்திரையை அனுமதித்தது. ஆனால் அதற்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும் கூடவே வேண்டும். ஈரலைக் கழுவும் என்று சந்தையில் விற்கும் பெயர் தெரியாத பொடிகளை வாங்கித் தின்னாதீர்கள். அவற்றில் சில ஈரலையே தாக்கும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே கொழுப்பேறிய ஈரலில் சாராயத்தை ஊற்றுவது, எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

பகாவ் அண்ணனுடைய வீட்டுக்கு அன்று மாலை நாமும் போனோம். அவர் மனைவியிடம் இவ்வளவையும் சொன்னோம். அந்த அக்கா நெடுநேரம் பேசவில்லை. பிறகு அலமாரியிலிருந்த கெட்டிப்பால் டின்னைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்போ தெனமும் ஊத்திக் குடுத்தது நான்தானா தம்பி?" என்றார்.

இல்லை அக்கா, அது உங்கள் குற்றமும் அல்ல. களைத்து வந்தவருக்கு அன்போடு ஆற்றிக் கொடுத்தீர்கள். தெரியாமல் நடந்தது. இப்போது தெரிந்துவிட்டது. வருகிற வாரம் கிளினிக்குக்கு அவரோடு நீங்களும் போங்கள். உங்கள் இடுப்பையும் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள்.

தோழர்களே, தழும்பு முற்றாத வரை தன்னைத் தானே சரிசெய்து கொள்ளும் ஆற்றல் ஈரலுக்கு உண்டு. அதற்கு நாம் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். இதைப் படித்தவர்கள், படிக்காத அண்டை வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள். குடிக்காதவனைக் குடிகாரன் என்று பழிக்கும் பேச்சு நம் லயங்களிலிருந்து ஒழியட்டும்!